அமெரிக்கப் பள்ளி மதிப்பெண்களோடு பிரிட்டனில் பட்டப்படிப்பு: என் மகளின் ஏபி தேர்வுகள் போதுமா?

நியூஜெர்சி நிலா | 18 ஆகஸ்ட் 2024

வணக்கம். என் மகள் செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். வேதியியல்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறாள். போன கோடையில் லண்டனில் என் தங்கை வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தபிறகு, அங்கேதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டு, இம்பீரியல், மான்செஸ்டர், பிரிஸ்டல், எடின்பரோ என்று ஐந்து பெயர்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.94. கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1490. ஏபி தேர்வுகளில் (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள், உச்ச மதிப்பெண் 5), பத்தாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் 5. பதினொன்றில் கெமிஸ்ட்ரி 5, கால்குலஸ் ஏபி 5, செமினார் 5, அமெரிக்க வரலாறு 4. வரும் ஆண்டுக்குக் கால்குலஸ் பிசி, பயாலஜி, ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள்.

பள்ளிக் கவுன்சலர், "இந்த ஜிபிஏவுக்கு எந்த ஊரிலும் கவலையில்லை" என்கிறார். ஆனால் அந்தப் பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களில் எங்கு பார்த்தாலும் அந்த நாட்டுப் பள்ளியிறுதித் தேர்வான ஏ லெவல், அதன் உச்ச மதிப்பெண்ணான ஏ ஸ்டார் என்றே எழுதியிருக்கிறது. இந்த வழியில் பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இந்த நாட்டுக் கல்லூரி விண்ணப்பமே எங்களுக்குப் புதிது. அந்த நாட்டு முறை கொஞ்சமும் பிடிபடவில்லை.

தேம்ஸ்கரை ஆசிரியர் | 18 ஆகஸ்ட் 2024

சகோதரி, நான் லண்டனில் பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பு) விண்ணப்பங்களுக்குப் பரிந்துரை எழுதுவதிலேயே எனக்குக் கழியும். உங்கள் கவுன்சலர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் போட்டது அமெரிக்கக் கணக்கு.

இங்கே பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு விண்ணப்பித்து, அந்தப் பாடத்தில் சேர்கிறார்கள். வேதியியல் முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்தால் இந்தப் பெண்ணால் பின்தொடர முடியுமா என்பதே விண்ணப்பத்தைப் படிப்பவரின் கேள்வி. ஏ லெவல் மாணவர் இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் மூன்றே பாடங்களை ஆழமாகப் படித்துவிட்டு வருகிறார். அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளமா பல பாடங்களைப் பரவலாகத் தொடுகிறது. அதை மட்டும் வைத்து நேரடியாக முதலாண்டில் சேர்த்துக்கொள்ள இங்குள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் முன்வருவதில்லை. ஏ லெவலுக்கு ஈடாக அவை பார்ப்பது ஏபி தேர்வுகளை. ஜிபிஏ வாசற்படி போன்றது. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள், அதற்குமேல் அது உதவாது.

இப்போது ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். செமினார் ஆய்வு முறையைக் கற்பிக்கும் பாடம். பெரும்பாலான இடங்களில் அதைப் பாடத் தேர்வாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் அறிமுகப் பாடம். வேதியியல் துறையில் அதற்கு எடை மிகக் குறைவு. கால்குலஸ் ஏபி, பிசி இரண்டும் ஒரே படிக்கட்டின் கீழ்ப்படியும் மேல்படியும். இரண்டிலும் 5 வாங்கினாலும் ஒரே பாடமாகத்தான் எண்ணுவார்கள். வரலாற்றில் 4, ஆக்ஸ்ஃபோர்டு கேட்பது 5.

ஆக, கையில் ஐந்து தேர்வு இருப்பதாக நினைக்கிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கண்ணில் இருப்பவை கெமிஸ்ட்ரி, கால்குலஸ் என்ற இரண்டு மட்டுமே.

பதற வேண்டாம், இன்னும் ஓராண்டு இருக்கிறது. பயாலஜியும் இலக்கியமும் 5 ஆனால் நான்காகும். ஆக்ஸ்ஃபோர்டு பொதுவாகக் கேட்பது நான்கு 5. அல்லது மூன்று 5-உடன் உயர்ந்த எஸ்ஏடி. கேம்பிரிட்ஜ் ஐந்து 5 கேட்கிறது. ஆனால் ஒன்று வழுக்கினாலும் தாங்கிக்கொள்ள உங்கள் மகளிடம் வேறு அறிவியல் பாடம் இல்லை. எனக்கு மகள் இருந்தால் ஃபிசிக்ஸ் சி மெக்கானிக்ஸையும் எழுதச் சொல்வேன். ஃபிசிக்ஸ் 1 வேண்டாம். அதில் கால்குலஸ் கிடையாது, இங்குள்ள அறிவியல் துறைகள் விரும்புவது சி வகையை.

நியூஜெர்சி நிலா | 19 ஆகஸ்ட் 2024

ஐயா, நேற்றிரவு நீங்கள் எழுதியதை மகளிடம் படித்துக்காட்டினேன். ஐந்து இரண்டானதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே எழுந்துபோய் அந்த ஃபிரிட்ஜ் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் என்னென்ன தேர்வு என்று எழுதத் தொடங்கிவிட்டாள்.

அவள் பள்ளியில் ஃபிசிக்ஸ் சி வகுப்பே கிடையாது. என்ன செய்வது?

பாஸ்டன் பாரி | 19 ஆகஸ்ட் 2024

வகுப்பு இல்லாமலும் தேர்வு எழுதலாம் சகோதரி. அந்தப் பாடம் நடத்தும் பக்கத்துப் பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் வெளி மாணவியாக எழுத இடம் உண்டா என்று கேளுங்கள். தேர்வு மே மாதம்தான், ஆனால் பெயர் பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். செப்டம்பரிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் வெளி மாணவர்களைச் சேர்ப்பதில்லை. என் மகனுக்கு மூன்றாவது பள்ளியில்தான் இடம் கிடைத்தது.

இன்னொன்று. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நீட்டி எழுதுகிறேன். யூகாஸ் விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு பரிந்துரைதான். அதில், இனி எழுதப்போகும் தேர்வுகளில் பிள்ளை என்ன மதிப்பெண் எடுப்பாள் என்று பள்ளி கணித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளுக்கு இந்தப் பழக்கமே இல்லை. என் மகனின் கவுன்சலர் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நீச்சல் குழுத் தலைவன், உணவு வங்கியில் சனிக்கிழமைதோறும் தொண்டு செய்தான், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவான் என்று அருமையான கடிதம். அமெரிக்கக் கல்லூரிக்கு அது போதும். அவன் விண்ணப்பித்தது இயற்பியலுக்கு. அந்தப் பக்கத்தில் இயற்பியல் பற்றி ஒரு வரிகூட இல்லை. மே மாதத் தேர்வில் என்ன வருமென்றும் இல்லை.

ஒரு பல்கலைக்கழகம் கணிப்பு மதிப்பெண் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. "வராத தேர்வுக்கு மதிப்பெண் தருவது எங்கள் விதிக்கு மாறானது" என்றது பள்ளி. இரண்டு பக்கமும் மாறி மாறி எழுதிக்கொண்டதிலேயே மூன்று வாரம் ஓடியது. கடைசியில் அவனுடைய இயற்பியல் ஆசிரியர்தான் தன் பொறுப்பில் நான்கு வரி எழுதிக்கொடுத்தார். அதற்குள் வேறோர் இடம் மறுத்துவிட்டது. அந்த மூன்று வாரமும் என் மகன் சரியாகச் சாப்பிடவில்லை. அதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அதனால் பள்ளி திறந்த முதல் வாரமே கவுன்சலரிடம் நேரில் போங்கள். கையில் ஒரே தாள் கொண்டுபோங்கள். எந்தப் பாடம், என்னென்ன தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் கணிப்பு மதிப்பெண் தேவை, கெமிஸ்ட்ரி ஆசிரியரின் கருத்தையும் பரிந்துரைக்குள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பள்ளி யூகாஸில் பதிவு செய்திருக்காது. மகள் தனி விண்ணப்பதாரராகப் போட்டுப் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு இணைப்பு போகும். தனி விண்ணப்பதாரர்களுக்குக் கணிப்பு மதிப்பெண்ணையும் அந்தக் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

ஹூஸ்டன் வேலு | 21 ஆகஸ்ட் 2024

எல்லோரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். ஏன் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

கெமிஸ்ட்ரி, கால்குலஸ், பயாலஜியில் 5 வாங்கிய பிள்ளைக்கு இங்கே பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடங்களைப் படித்துமுடித்ததாகவே கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஓர் அரையாண்டுக் கட்டணம்கூட மிச்சமாகலாம். பிரிட்டனில் அதே 5 உள்ளே நுழையும் சீட்டு மட்டுமே. அதைவிடப் பெரிய கவலை, பதினேழு வயதில் ஒரே பாடத்தைப் பிடித்துக்கொள்வது. என் அண்ணன் மகள் இங்கே உயிரியலில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் பொருளாதாரத்துக்கு மாறி, இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறாள். இங்கிலாந்தில் சேர்ந்திருந்தால் முதலிலிருந்து விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பி வரும்போது சிக்கல் வரும் என்பதையும் யோசியுங்கள்.

நியூஜெர்சி நிலா | 21 ஆகஸ்ட் 2024

வேலு அண்ணா, தவறாக எண்ணவில்லை. எங்களிடம் பச்சை அட்டை இல்லை. அதற்கான வரிசையில் நிற்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, மகளுக்கு அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. இருபத்தோரு வயதானதும் அவள் எங்கள் விசாவிலிருந்து விழுந்துவிடுவாள். கல்லூரி நடுவில் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அரசின் கல்விக் கடனும் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆறு வயதிலிருந்து வளர்ந்த ஊரில் வெளிநாட்டு மாணவியாக உட்காருவதற்கு, உண்மையிலேயே வெளிநாட்டில் போய் உட்காருகிறேன் அம்மா என்றாள். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஹூஸ்டன் வேலு | 21 ஆகஸ்ட் 2024

அம்மா, இது தெரியாமல் எழுதிவிட்டேன். மகள் சொல்வது நியாயம். பாடம் மாறுவது பற்றி நான் சொன்னதை மட்டும் அவளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தேம்ஸ்கரை ஆசிரியர் | 22 ஆகஸ்ட் 2024

வேலு சொன்னதில் உண்மை இருக்கிறது. மனம் உறுதியில்லாத பிள்ளைக்கு இங்கிலாந்தின் மூன்றாண்டுப் படிப்பு இறுக்கமான சட்டை. ஸ்காட்லாந்தில் நான்காண்டு, முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு பாடங்களும் சேர்த்துப் படிக்க இடமுண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் அமெரிக்கப் பிள்ளைகள் ஏராளமாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே அமெரிக்கக் கல்லூரிகளின் பொது விண்ணப்பமான காமன் ஆப் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். எடின்பரோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஹாரோ - மேரிலாந்து | 25 ஆகஸ்ட் 2024

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, ஹாரோவில் பதினான்கு வருடம் இருந்து, 2019-இல் மேரிலாந்து வந்தவர்கள். மகனுக்குப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உண்டு. அவனும் அங்கே படிக்கப் போகிறான். உள்நாட்டுக் கட்டணம்தானே கட்ட வேண்டும்?

தேம்ஸ்கரை ஆசிரியர் | 25 ஆகஸ்ட் 2024

இல்லை ஐயா, கடவுச்சீட்டு மட்டும் போதாது. படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அப்பாவின் வேலை தற்காலிகமாக வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் விலக்குக் கேட்கலாம். அதற்கு வேலை ஒப்பந்தம், லண்டன் வீடு உங்கள் பெயரிலேயே இருப்பது போன்ற சான்றுகள் தேவை. இங்கிலாந்தில் 2024-25 கல்வியாண்டில் உள்நாட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 9,250 பவுண்டாக இருந்தது. ஆய்வகம் உள்ள படிப்புகளில் வெளிநாட்டுக் கட்டணம் பல இடங்களில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. விண்ணப்பித்த கையோடு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கட்டணத் தகுதியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஹாரோ - மேரிலாந்து | 26 ஆகஸ்ட் 2024

நன்றி ஐயா. வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்தோம். கணக்கை முழுக்க மாற்றிப் போட வேண்டும்.

நியூஜெர்சி நிலா | 22 செப்டம்பர் 2024

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஃபிசிக்ஸ் சி எழுத இடம் கிடைத்துவிட்டது. பாரி அண்ணாவுக்கு நன்றி. கவுன்சலரும் ஒரே தாளைப் பார்த்துவிட்டு, "எனக்கு இது முதல் முறை, சேர்ந்து கற்றுக்கொள்வோம்" என்றார்.

இப்போது விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய, தன்னைப் பற்றிய கட்டுரைதான் சிக்கல். மகள் எழுதியிருப்பது, என் அம்மா ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதில் தொடங்குகிறது. புளித்தண்ணீர் கறுத்து வடிவதும், அடியில் பித்தளை மஞ்சளாய்த் தெரிவதும், பாட்டியின் விரல் நுனிகள் சுருங்கியிருப்பதும் என்று எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. ஆங்கில ஆசிரியை மிகவும் பாராட்டினாராம். இதையே யூகாஸுக்கும் அனுப்பலாமா?

எடின்பரோ இரண்டாமாண்டு | 22 செப்டம்பர் 2024

அம்மா, நான் வர்ஜீனியாவில் பள்ளி முடித்து ஏபி மதிப்பெண்களோடு இங்கே வந்தவன். அந்தக் கட்டுரையை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். யூகாஸுக்கு இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தான். ஒரே கட்டுரை ஐந்து இடத்துக்கும் போகும். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுத முடியாது. என் முதல் வரைவில் பாதிக்கு மேல் கூடைப்பந்து இருந்தது; எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, படித்த புத்தகம், செய்துபார்த்த கணக்கு, புரியாமல் போன இடம் என்று எழுதிய பிறகுதான் சரியானது.

இனி விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க: 2026 முதல் சேர்பவர்களுக்கு ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள். மொத்த அளவு அதே 4,000.

தேம்ஸ்கரை ஆசிரியர் | 23 செப்டம்பர் 2024

பாட்டியை ஒரு வரியில் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த வரியிலேயே வேதியியல் வர வேண்டும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது, ஆனால் அடியிலுள்ள உலோகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஏன்? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விளக்கு ஏன் மறுபடி மங்குகிறது? எலுமிச்சையால் தேய்த்தால் அதே வேகமா? இதை வீட்டிலேயே இரண்டு செப்புக் காசுகளை வைத்துச் செய்துபார்த்து, என்ன கண்டாள், எது பொருந்தவில்லை என்று எழுதட்டும். நேர்காணலுக்கு அழைத்தால் ஆசிரியர்கள் அங்கிருந்தே கேள்வியைத் தொடங்கக்கூடும். அவளுக்கும் பேச நிறைய இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு பட்டியலில் இருப்பதால் கடைசி நாள் அக்டோபர் 15. லண்டன் நேரம் மாலை ஆறு மணி. உங்கள் ஊரில் பகல் ஒரு மணி, பள்ளி நேரம். முந்தைய வாரமே அனுப்பிவிடுங்கள். மே மாதம் எழுதப்போகும் தேர்வுகளையும் முடிவு வரவேண்டியவை என்று ஒன்றுவிடாமல் படிவத்தில் சேருங்கள். வரலாற்றின் 4-ஐ மறைக்க வேண்டாம்; எழுதிய தேர்வுகளையெல்லாம் காட்ட வேண்டும் என்பது யூகாஸ் விதி.

நியூஜெர்சி நிலா | 9 அக்டோபர் 2024

அனுப்பிவிட்டாள். சமையலறை மேடையில் பதினொரு கிண்ணங்களில் காசுகள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கின்றன.

நியூஜெர்சி நிலா | 27 ஏப்ரல் 2025

ஆக்ஸ்ஃபோர்டு ஜனவரியில் மறுத்துவிட்டது. இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மற்ற நான்கில் மூன்று இடங்கள் நிபந்தனையோடு அழைத்திருக்கின்றன. அவள் மனம் வைத்திருக்கும் இடம் கேட்பது கெமிஸ்ட்ரி 5, கால்குலஸ் பிசி 5, பயாலஜி 5. கெமிஸ்ட்ரி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இப்போது என் கலக்கம் இதுதான். இங்குள்ள கல்லூரிக்கு மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். ஏபி முடிவு ஜூலையில்தான் வரும். கட்டாமல் விட்டு, ஜூலையில் ஏதாவது ஆகிவிட்டால் இரண்டும் போய்விடுமே?

பாஸ்டன் பாரி | 27 ஏப்ரல் 2025

நாங்கள் கட்டினோம். சில நூறு டாலர், திரும்பி வராது. அங்கே போவது உறுதியானதும் அன்றே கல்லூரிக்கு எழுதி இடத்தை விட்டுக்கொடுத்தோம்; காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு பிள்ளை இருக்குமல்லவா. இங்குள்ள இன்னொரு கல்லூரியிலும் முன்பணம் கட்டி வைப்பது மட்டும் கூடாது.

யூகாஸில் முதல் இடத்தை ஃபர்ம் என்றும், அதைவிடக் குறைவாகக் கேட்கும் இடத்தை இன்சூரன்ஸ் என்றும் வைக்கச் சொல்லுங்கள். ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக மதிப்பெண் அனுப்பும். ஜூன் 20-க்குள் ஃபர்ம் வைத்த இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

நியூஜெர்சி நிலா | 10 ஜூலை 2025

கால்குலஸ் பிசி 5. இலக்கியம் 4. ஃபிசிக்ஸ் சி 5. பயாலஜி 4.

பயாலஜியைப் பார்த்ததும் அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அன்றிரவு யாரும் தூங்கவில்லை. அதிகாலை நான்கு மணிக்கு, அங்கே ஒன்பது, அவளே சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் பேசட்டுமா என்றேன். மாணவியிடம்தான் பேசுவார்கள் என்று தேம்ஸ்கரை ஐயா முன்பு சொல்லியிருந்ததாக நினைவுபடுத்தினாள். நடுங்கும் குரலில் நான்கு மதிப்பெண்களையும் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஃபிசிக்ஸ் சி உங்கள் படிவத்தில் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றாள். துறையிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

இன்று காலை மின்னஞ்சல் வந்தது. பயாலஜிக்குப் பதிலாக ஃபிசிக்ஸை ஏற்றுக்கொண்டார்கள். இடத்தின் பெயரை விசா கையில் வரும்வரை எங்கும் எழுதாதே அம்மா என்கிறாள், அதனால் எழுதவில்லை.

ஒரே ஒரு சிக்கல். பட்டம் பெற்ற தேதியோடு இறுதி டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) கேட்கிறார்கள். பள்ளி பூட்டியிருக்கிறது, கவுன்சலர் ஆகஸ்ட் கடைசியில்தான் வருவார்.

எடின்பரோ இரண்டாமாண்டு | 10 ஜூலை 2025

அம்மா, எனக்கும் இதேதான் நடந்தது. பள்ளியை விட்டுவிட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். கோடையிலும் அங்கே ஆள் இருப்பார்கள், முத்திரையோடு அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்படியே விசாவுக்கான வங்கிக் கணக்கையும் பாருங்கள். காட்ட வேண்டிய தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

நியூஜெர்சி நிலா | 14 ஜூலை 2025

டிரான்ஸ்கிரிப்ட் வாங்கிவிட்டோம் தம்பி. வங்கியில் இன்று முதல் நாள்.